எந்த மீன், எந்த ஊர், யாருக்குப் பயிற்சி: பாகூர்க் குளக்கரையில் போட்ட கணக்கு

எங்கள் மீன் வளர்ப்புக் குழுவுக்குப் புதுச்சேரியின் பாகூர் பக்கம் மூன்று குளம். குத்தகை நிலத்தில் வெட்டியவை, மூன்றும் சேர்ந்தே ஒன்றரை ஏக்கரைத் தாண்டாது. உறுப்பினர்களில் பாதிப் பேர் புதுச்சேரிப் பக்கம், மீதிப் பேர் தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். குளத்தில் வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர். கணக்கு எழுதுவது நான்.

போன வருடம், பிரான்சில் குடியிருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பேச்சைக் கொண்டுவந்தார். அட்லாண்டிக் கரையில் அவர் வசிக்கும் சிற்றூர் சிப்பி வளர்த்துப் பிழைக்கும் ஊர். அந்த ஊர் நகராட்சிக்கு நம் பக்கத்தோடு சகோதர நகர உறவு வைத்துக்கொள்ள ஆசையாம். எடுத்த எடுப்பில் பெரிதாகப் போகாமல் சிறு மீன் வளர்ப்பில் தொடங்கலாம், உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்கிறார்கள். விஷயம் காதில் விழுந்ததும் குழுவின் இளவட்டங்கள், ‘சிப்பிக்காரனிடம் போய் மீன் வளர்க்கக் கற்பானேன், பிலிப்பைன்ஸ் பக்கம் பார்க்கலாமே’ என்று இன்னொரு யோசனையை இழுத்துப் போட்டார்கள்.

கூட்டம் மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் எந்த ஊர் என்பதிலேயே சண்டை. எனக்கு அது தலைகீழாகப் பட்டது. எந்த மீனை வளர்க்கப் போகிறோம், அதை வளர்க்கும் கைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்தால்தான் எந்த ஊரிடம் என்ன கேட்பது என்று தெரியும். அதனால் மீனிலிருந்தே தொடங்குகிறேன்.

கெண்டை வளர்ப்பு எங்களுக்குப் பழகிய தொழில். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் பத்துக்கு 4, 3, 3 என்ற கணக்கில் விடுகிறோம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் இரையில் மற்றது வாய் வைக்காது. ஏக்கருக்கு 2,000 முதல் 3,000 விரலிகள், அதாவது விரல் நீளக் குஞ்சுகள், தவிடும் கடலைப் பிண்ணாக்கும், மாட்டுச் சாணம், கொஞ்சம் சுண்ணாம்பு. ஒரு வருடத்தில் முக்கால் கிலோ, ஒரு கிலோ வந்துவிடும். தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். முழங்கை வரை கையை உள்ளே விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நன்றாகத் தெரிந்தால் தண்ணீரில் சத்து இல்லை, சாணம் போட வேண்டும். முழங்கைக்கு முன்னாலேயே மறைந்துவிட்டால் பச்சை மிஞ்சிவிட்டது, அன்றைக்குத் தீனி கிடையாது. உரச் சாக்கில் ஓட்டை போட்டுத் தீனியை நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிடுகிறோம். காலையில் விட்ட சாக்கு மத்தியானமும் கனமாகவே தொங்கினால் மீனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஆபத்தான நேரம் விடியற்காலை 4 மணி. ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். மேகமூட்டமான இரண்டு நாளுக்கு அடுத்த விடியலில் ரோகு கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கும். அப்போது மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைத் தூக்கி அடிக்க ஒருவர் எழுந்து வந்தாக வேண்டும். எங்களிடம் அது ஒரு அக்கா. நாலாம் வகுப்போடு நின்றவர். ‘மழை மேகம் ரெண்டு நாள் நின்னா எனக்குத் தூக்கம் வராது தம்பி’ என்பார். இந்தக் கட்டுரையில் நான் எடைபோடும் எல்லாத் திட்டத்தையும் இந்த அக்காவை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

கெண்டையில் குறை விற்பனைதான். கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் கடல் மீன் தின்று பழகியவர்கள். ‘ஏரி மீனா? சேத்து வாடை அடிக்கும்’ என்று மூக்கைச் சுளிப்பார்கள். பிடித்த மீனை ஒன்றிரண்டு நாள் தெளிந்த தண்ணீரில் பட்டினி போட்டால் வாடை பெரும்பாலும் போய்விடும், அதற்கு யார் பொறுமையாக இருக்கிறார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் மட்டும் இதே மூக்குகள் எங்கள் குளக்கரைக்கு வரும். மற்றபடி சரக்கு பண்ருட்டிக்கும் விழுப்புரத்துக்கும் போகிறது. லாபம் குறைவு, நஷ்டமும் குறைவு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்தபோது எங்கள் மூன்றாம் குளத்து ரோகு வரப்பு தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போனது. வயல்காரர் ஒரு வாரம் குழம்பு வைத்தார், எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். கரையைச் சுற்றி வலை கட்டியிருந்தால் தப்பித்திருக்கும். அடுத்த வருடமே விரலி விட்டு எழுந்துவிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பயோஃப்ளாக். மீன் கழிவில் சேரும் நைட்ரஜனுக்கு ஈடாக வெல்லம் போட்டு நுண்ணுயிர்களைப் பெருக்கி, அந்தத் திரளையே மீனுக்கு இரையாக்கும் தொட்டி முறை. தண்ணீர் மிச்சம், இடம் மிச்சம். 2020-இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 4 மீட்டர் விட்டமுள்ள 7 தொட்டிகள் கொண்ட சிறு அலகுக்கு ரூ.7.5 லட்சம் என்று செலவை வகுத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வைத்தது. இளவட்டங்கள் இதற்குத்தான் கை தூக்கினார்கள். ஆனால் காற்று அடிக்கும் மோட்டார் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். அது நின்றால் ஒரு சினிமா பார்த்துவிட்டு வரும் நேரத்துக்குள் தொட்டி முழுக்க வெள்ளை வயிறு மிதக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பிறகு இந்தப் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது கடலூர்க்காரர்களுக்கு மறக்காது. ஜெனரேட்டர் வைக்கலாம், டீசல் வைக்கலாம், அம்மோனியாவைத் தினமும் அளந்து வெல்லக் கணக்குப் போட ஓர் ஆளும் வைக்கலாம். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்த பிறகு ஜிலேபிக் கெண்டை விற்ற காசில் என்ன நிற்கும் என்று நான் போட்டுக் காட்டிய தாளை யாரும் மறுக்கவில்லை. இதைத் தள்ளிவிட்டேன்.

உப்புத் தண்ணீரில் வளர்க்கும் வனாமி இறாலைப் பேசவே விடவில்லை. 1990-களில் இறால் பண்ணைகள் கிணற்று நீரையும் வயலையும் உப்பாக்கிய வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும், அதன் தொடர்ச்சியாக 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் சும்மா வரவில்லை. சுற்றிலும் நெல் வயல் இருக்கும் பாகூரில் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனசு வராது.

சேற்று நண்டு ஆசை காட்டும். தோல் உரித்து உடம்பில் சதை இல்லாமல் இருக்கும் தண்ணி நண்டை மலிவாக வாங்கி, பெட்டிக்கு ஒன்றாக அடைத்து, மூன்று நான்கு வாரம் தீனி போட்டு, சதை கட்டியதும் காலைக் கட்டிச் சென்னைக்கு உயிரோடு ஏற்றிவிட்டால் விலை பல மடங்கு. கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து ஆட்களுக்கு நண்டுக் கொடுக்கு படாமல் கட்டும் வித்தை கைவந்தது, எங்கள் ஆட்களுக்கு இன்னும் வரவில்லை. அதைவிட, தண்ணி நண்டு முழுக்கக் காட்டிலிருந்து, அதாவது சுரபுன்னைக் காட்டு ஓடைகளிலிருந்து பிடித்து வருவது. நாமும் வாங்க ஆரம்பித்தால் சினை நண்டும் குட்டி நண்டும் சேர்ந்து பறிபோகும். சீர்காழிக்குப் பக்கம் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் நண்டுப் பொரிப்பகம் இருக்கிறது. அங்கே பொரித்த குஞ்சை வாங்கி உவர்நீர்க் குளத்தில் விட்டு வளர்ப்பதுதான் நியாயம். அதற்கு எங்களிடம் இடம் இல்லை.

மிஞ்சுவது கொடுவா. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும்.

கொடுவா கடலிலும் வாழும், கழிமுகத்திலும் வாழும், பழக்கினால் நல்ல தண்ணீரிலும் வாழும். சேத்து வாடைப் புகார் இல்லாத மீன், ஓட்டல்காரர்கள் தேடி வருவார்கள். முழு மீனாக வளர்ப்பதில்தான் சிக்கல். சாளை, காரப்பொடி போன்ற சிறு மீனை வெட்டிப் போட்டு வளர்த்தால் ஒரு கிலோ கொடுவாவுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் இறங்கும். ஏழை வீட்டுக் குழம்பு மீனைப் பணக்காரன் தட்டு மீனாக மாற்றும் வேலை அது. குருணைத் தீனியில் வளர்க்கலாம், சாக்கு விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். நாங்கள் பார்த்தது அதன் முதல் கட்டத்தை மட்டும். பொரிப்பகத்தில் அரை அங்குலக் குஞ்சாக வாங்கி, ஹாப்பா என்னும் சின்ன வலைப் பெட்டியில் விட்டு, இரண்டு மாதத்தில் 3 அங்குலம் ஆக்கிப் பெரிய வளர்ப்பாளர்களுக்கு விற்பது. சென்னை சாந்தோமில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே கொடுவாவைப் பொரிப்பகத்தில் முட்டையிட வைத்துவிட்டது. ஆகவே குஞ்சுக்குக் கடலை அரிக்க வேண்டியதில்லை. இத்தனை சின்ன மீனுக்குத் தீனியும் கைப்பிடிக் கணக்குத்தான். பணம் சீக்கிரம் திரும்பும், புயல் மாதத்துக்கு முன்னால் வலையைச் சுருட்டிவிடலாம்.

சரி, அப்படியானால் எல்லோரும் ஏன் செய்யவில்லை? கொடுவாக் குஞ்சு கூடப் பிறந்ததையே தின்னும். தன் நீளத்தில் பாதி இருக்கும் தம்பியை அப்படியே விழுங்கும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை வலையைத் தூக்கிப் பெரியதைத் தனியே, சிறியதைத் தனியே பிரித்தாக வேண்டும். ஒருமுறை தவறவிட்டால் அந்த வாரத்துக் கணக்கில் நூறு குஞ்சு காணாமல் போயிருக்கும், செத்த மீன் ஒன்றுகூட மிதக்காது.

முதல் தடவை பாதிகூடத் தேறவில்லை. இரண்டாம் தடவை அக்கா பொறுப்பில் விட்டோம். இரண்டு அலுமினிய அன்னக்கூடை, ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடை, ஒரு தேநீர் வடிகட்டி, இவ்வளவுதான் ஆயுதம். வெயில் ஏறுவதற்குள், காலை 6 மணிக்கு உட்காருவார். தண்ணீரோடு அள்ளிக் கூடையில் ஊற்றினால் சிறியது ஓட்டை வழியே இறங்கிவிடும், பெரியது தங்கும். தங்கியதிலும் கண்ணை ஓட்டி ஒன்றிரண்டை வடிகட்டியால் தனியே எடுத்துப் போடுவார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘மூலையில தனியா நிக்கும் பாருங்க தம்பி, வயிறு உப்பியிருக்கும். அவன்தான் தம்பியை முழுங்கினவன்.’ அந்தச் சுற்றில் பாதிக்கு மேல் தேறியது. இந்த வேலைக்கு நாட்டில் பயிற்சிப் புத்தகம் இருக்கிறது, அந்தக் கண் புத்தகத்தில் இல்லை. அவரிடம் இல்லாத ஒன்றும் உண்டு. எத்தனை பிரித்தோம், எத்தனை தின்றது, தண்ணீர் எத்தனை டிகிரி என்று எழுதும் பழக்கம் எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் கிடையாது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ‘20 தீனி, 3 செத்தது’ என்று எழுதியிருக்கும். 20 என்ன, கிராமா பிடியா, எந்த வலை, எந்த நாள்? முன்பக்கத் தேதியைத் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்.

ஆக மீன் முடிந்தது: இரண்டு குளத்தில் கெண்டை, மூன்றாவதில் கொடுவா வலைகள். இனி ஊர்.

பிரெஞ்சு ஊரை நான் முதலில் லேசாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர்கள் கடல் குளிர்காலத்தில் 10 டிகிரி வரை இறங்குவது, நம் குளம் அவ்வளவு குளிர்வதே கிடையாது. சிப்பிக்குத் தீனி போட வேண்டாம். கொடுவாவைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பிலிப்பைன்சின் இலோயிலோ மாகாணத்தில், திக்பவான் என்ற ஊரில் தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையத்தின் வளர்ப்புப் பிரிவு 1973 முதல் இயங்குகிறது. பால்கெண்டை, கொடுவா, சேற்று நண்டு என்று நம் மீன்களே அவர்கள் மீன்கள், நம் வெயிலே அவர்கள் வெயில், புயலும் நம்மைவிட அதிகம். மீன் கற்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றோடுதான் கை கோக்க வேண்டும்.

அப்புறம் ஒரு காணொளிப் பேச்சு நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்குப் பஞ்சமா, பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஒருவரே மொழிபெயர்க்க உட்கார்ந்தார். கெண்டைக்கு என்ன தீனி என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். ‘தவிடும் பிண்ணாக்கும்’ என்றார் அக்கா. பெரியவர் பிண்ணாக்கைத் ‘துர்த்தோ’ என்றார். சிப்பிக்காரர் முகம் மாறிவிட்டது. பிண்ணாக்குக்கும் அதே சொல், அவர்கள் கடலில் பிடிக்கும் பெரிய நண்டுக்கும் அதே சொல்லாம். இந்த ஏழைகள் கெண்டைக்கு நண்டை அரைத்துப் போடுகிறார்களே என்று நினைத்துவிட்டார். அக்கா எழுந்து போய் ஒரு பிண்ணாக்குக் கட்டியைக் கொண்டுவந்து கேமரா முன்னால் காட்டி, ஓரத்தை உடைத்து வாயில் போட்டு மென்றார். அதற்குப் பிறகுதான் பேச்சு ஓடியது.

பதிலுக்கு சிப்பிக்காரர் தன் கூடை ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு கூடையிலும் ஒரு அட்டை: எந்த வளர்ப்பாளர், எந்தக் கடல் பகுதி, எந்தத் தேதியில் கட்டியது. அவர்கள் நாட்டில் சிப்பி வளரும் நீர்ப்பகுதிகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். 100 கிராம் சிப்பிச் சதையில் ஈ கோலை கிருமி 230-க்குள் இருந்தால் ஏ. பி பகுதிச் சிப்பியைச் சுத்தத் தண்ணீரில் வைத்துக் கழுவிய பிறகுதான் தின்ன விற்கலாம். இதற்காக ஒவ்வொருவரும் எழுதுகிறார்கள், பச்சையாகத் தின்னும் பண்டம், எழுதாவிட்டால் தொழிலே போய்விடும். எங்களுக்கு எது இல்லையோ அது அவர்களிடம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. 3 அங்குலக் கொடுவாக் குஞ்சை வாங்குகிறவர் முதலில் கேட்பது எந்தப் பொரிப்பகம், எத்தனை நாள் ஆனது, என்ன மருந்து போட்டாய் என்பதைத்தான். இன்றைக்கு நாங்கள் வாயால் சொல்கிறோம், அவர் அரை நம்பிக்கையில் விலையைக் குறைக்கிறார்.

அந்தத் தொழிலுக்கு இப்படிப்பட்ட உறவில் அனுபவமும் உண்டு. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோய் வந்து பிரான்சில் வளர்ந்த போர்த்துகீசிய சிப்பி அழிந்தபோது ஜப்பானின் மியாகிப் பகுதியிலிருந்து வந்த சிப்பிக் குஞ்சுகள்தான் கை கொடுத்தன. 2011 சுனாமியில் மியாகிக் கரை துடைத்தெறியப்பட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் கயிறும் மிதவையும் அனுப்பிக் கடனைத் தீர்த்தார்கள். நாற்பது வருடம் கழித்து. 2004 சுனாமியைப் பார்த்த கடலூர்த் தேவனாம்பட்டினத்துக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

காகித வேலையிலும் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் உண்டு. பிரெஞ்சு உள்ளாட்சிகள் வெளிநாட்டு உள்ளாட்சிகளோடு நேராக ஒப்பந்தம் போட 1992 முதல் சட்டமே இடம் தருகிறது. 2005-இல் வந்த இன்னொரு சட்டப்படி தங்கள் குடிநீர், கழிவுநீர்க் கணக்கில் 1 சதவீதம் வரை வெளிநாட்டு நீர்ப் பணிக்குக் கொடுக்கலாம். மீன் குளம் என்று கேட்டால் கிடைக்காது, பாகூர் ஏரிக்கு வந்து சேரும் கழிவுநீரைச் சீர்செய்வது என்று கேட்டால் பேச்சுக்கு இடம் உண்டு, எங்கள் குளத்துக்கும் அந்த ஏரித் தண்ணீர்தான். நம் பக்கம்தான் கதவு ஒடுக்கமானது. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெறாத எங்களைப் போன்ற குழு ஒரு யூரோகூட நேராக வாங்க முடியாது. மேயர் யார் என்று அவர்கள் கேட்டால், புதுச்சேரியில் 2006-இல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிகளின் காலம் 2011-இல் முடிந்து, அதற்கப்புறம் வருடக் கணக்கில் அதிகாரிகள்தான் நிர்வாகம் என்ற கதையைச் சொல்ல வேண்டும். 2021-இல் மாநகராட்சியான கடலூருக்கு மேயர் இருக்கிறார். பிரெஞ்சு பேசும் பக்கம் மேயர் இல்லை, மேயர் இருக்கும் பக்கம் பிரெஞ்சு இல்லை. இந்த இழுபறிக்காக ஒப்பந்தத்தைப் பின்னால் தள்ளுங்கள் என்றேன். கையெழுத்து இல்லாமலே மாதம் ஒரு காணொளிப் பேச்சு நடக்கும், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

கடைசியாகப் பயிற்சி. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகம் எங்கள் பகுதிக்காக என்று சொல்லி ஒருவரை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பியது. போனவர் நல்லவர், ஆர்வமுள்ளவர். திரும்பி வந்த மூன்றாம் மாதம் மீனுக்குச் சம்பந்தமே இல்லாத துறைக்கு மாறிவிட்டார். அவர் கற்றது அவரோடு போனது, எங்களுக்குக் கிடைத்தது ஒரு சாவிக்கொத்து. ஆகவே மேற்பார்வையாளரை அனுப்பும் யோசனைக்கு நான் எதிரி. வெளிநாட்டு நிபுணரை ஒரு வாரம் கூட்டிவருவதும் வீண். கொடுவாவின் ஒரு சுற்று இரண்டு மாதம், வாரத்தில் பார்த்தால் ஒன்றிரண்டு பிரிப்புத்தான் பார்ப்பார், அதிலும் மாலை மரியாதையில் ஒரு நாள் போகும்.

உள்ளூரில் இருப்பதை முதலில் உறிஞ்ச வேண்டும். முட்டுக்காட்டில் உவர்நீர் நிறுவனத்தின் களம், தொடுவாயில் பொரிப்பகம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், குரும்பாப்பேட்டையில் வேளாண் அறிவியல் நிலையம், எல்லாமே காலையில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம், எல்லாம் தமிழில். நான்கு பேரையும் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது, யாராவது 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இரண்டு இரண்டு பேராகப் போகட்டும். எழுதும் பழக்கத்தை மட்டும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கலாம். மாதக் காணொளியில் எங்கள் நோட்டை அவர்கள் பார்ப்பது, அவர்கள் நோட்டை நாங்கள் பார்ப்பது. வெளி ஆள் பார்க்கிறார் என்றால் நம்மவர்கள் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். பிலிப்பைன்சுக்கு இப்போதே தூது விட்டு வைக்கலாம், நண்டுக்கு இடம் கிடைக்கும் நாளில் பயன்படும்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு ஆளைப் பிரான்சுக்கு அனுப்பப் பணம் வந்தால் அக்காதான் போக வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். மொழி தெரியாதே என்றார்கள். பிண்ணாக்கை மென்று காட்டியபோது என்ன மொழியில் பேசினார் என்று திருப்பிக் கேட்டேன். கை தூக்கியவர்கள் எண்ணிக்கை எனக்குச் சாதகமாகத்தான் வந்தது.

போன வாரம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டோம். நேரில் வரச் சொல்லிக் கொடுத்த நாள் கொடுவா பிரிக்கும் நாளில் விழுந்துவிட்டது. அக்கா தேதியை மாற்றச் சொல்லிவிட்டார்.